ஃபாஸ்ட் ப்ரீடர் ஃப்யூல் அசெம்பிளில அந்த அறுகோண டப்பா எதுக்கு? எடுத்துட்டா என்ன ஆகும்?

உம்கேனி_கரை (டர்பன்)

எல்லாருக்கும் வணக்கம். மெக்கானிக்கல் கடைசி வருஷம் படிக்கிறேன், டிசைன் ப்ராஜெக்டுக்கு சோடியம் ஓடுற ஃபாஸ்ட் ப்ரீடர் ரியாக்டரோட (எரிக்கிறத விட கூடுதலா ஃப்யூல் உண்டாக்குற அணு உலை, அந்த உண்டாக்குறதுதான் ப்ரீடிங்) ஃப்யூல் அசெம்பிளிய, அதாவது ஃப்யூல் பின் கட்ட, எடுத்திருக்கேன். என் க்ளாஸ்ல பாதிப் பேர் சோலார், மீதிப் பேர் பேட்டரி, சரி நாம வேற எடுப்போம்னு எடுத்தாச்சு, இப்ப சந்தேகம் கேக்க ஊர்ல ஒரு ஆள் இல்ல.

விஷயம் இதுதான். நம்ம கேப் டவுன் பக்கத்து கூபெர்க் அணுமின் நிலையத்துல இருக்குற அசெம்பிளி 17க்கு 17 சதுரம், 264 ஃப்யூல் ராடு, மீதி ஓட்டையெல்லாம் கன்ட்ரோல் ராடுக்கும் இன்ஸ்ட்ருமென்டுக்கும். சுத்தி சுவரே கிடையாது, தொறந்த கூடு. ஆனா கல்பாக்கத்துல இருக்குற பிஎஃப்பிஆர்ங்கிற ஃபாஸ்ட் ப்ரீடர் டிசைன பாத்தா 217 பின்னையும் (மெல்லிசான ஃப்யூல் ராடு) ஒரு அறுகோண ஸ்டீல் டப்பாக்குள்ள போட்டு அடைச்சு வச்சிருக்காங்க. ஃப்ரெஞ்சுக்காரங்க ஃபெனிக்ஸ், சூப்பர் ஃபெனிக்ஸ்லயும் இதே டப்பாதான்.

நான் அளவெல்லாம் வச்சு பரப்பளவு கணக்கு போட்டேன். பின் வெளிவிட்டம் 6.6 மி.மீ., க்ளாடிங் (ஃப்யூல மூடுற ஸ்டீல் குழாய்) சுவர் 0.45, பின்ன சுத்துற வயர் 1.65, டப்பா வெளி அகலம் 131.3, சுவர் 3.2, அடுத்தடுத்த அசெம்பிளி சென்டருக்கு சென்டர் 135 மி.மீ. இதுல க்ளாடிங்குக்கு உள்ள ஃப்யூலுக்குன்னு இருக்குற இடம் சுமார் 35 சதவீதம்தான். டப்பா சுவர் மட்டும் 9 சதவீதம் திங்குது, டப்பாவுக்கும் டப்பாவுக்கும் நடுவுல சும்மா நிக்கிற சோடியம் இன்னொரு 5 சதவீதத்துக்கு மேல. டப்பாவ தூக்கிட்டா அதே இடத்துல 217க்கு பதிலா கிட்டத்தட்ட 268 பின் வைக்கலாம். ஃப்யூல் கூடுனா ப்ரீடிங்கும் கூடும்ல? சூப்பர்வைசர் வேற "எஃபிஷியன்ட் அசெம்பிளி காட்டு, எஃபிஷியன்ட் அசெம்பிளி காட்டு"ன்னு உயிர எடுக்குறாரு.

அப்புறம் ஏன் யாரும் டப்பாவ எடுக்கல? தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

---

மெல்க்_காத்து (மெல்க்போஸ்ஸ்ட்ராண்ட்)

தங்கச்சி, முதல்ல ஒண்ணு, கூபெர்க்கையும் இதையும் பக்கத்துல வச்சு பாக்குறதே கொஞ்சம் ஆபத்து. நம்ம வீட்டு மாடில நின்னா கூபெர்க் தெரியும், அதனால அத பத்தி மட்டும் சொல்றேன், சோடியம் ஆளுங்க பின்னாடி வருவாங்க.

கூபெர்க்ல தண்ணிதான் கூலன்ட், அதே தண்ணிதான் மாடரேட்டரும். நியூட்ரான வேகம் குறைச்சாதான் அங்க வேலை நடக்கும், அதனால ராடுக்கு நடுவுல தண்ணி நிறைய வேணும், ராடு 9.5 மி.மீ., பிட்ச் (ராடு சென்டருக்கு சென்டர்) 12.6, சதுர அடுக்குல தாராளமா நிக்குது. உனக்கு இங்க வேண்டியது நேர் எதிர், நியூட்ரான் வேகம் குறையவே கூடாது, அதனால நெருக்கி அடுக்கணும். நெருக்கி அடுக்குறதுன்னா முக்கோண அடுக்குதான், முக்கோணமா அடுக்கிட்டே போனா வெளிவடிவம் தானா அறுகோணமா வரும். நீ போட்ட அளவையே எடுத்துக்க, பின்னுக்கு பின் 8.25 மி.மீ. பிட்ச், அந்த அடுக்குல 58 சதவீத பரப்பு பின். கூபெர்க் அடுக்குல 45 சதவீதம் கூட வராது.

61, 217, 271ன்னு நம்பரெல்லாம் விசித்திரமா இருக்கேன்னு நினைக்காத. நடுவுல ஒரு பின், சுத்தி வளையம் வளையமா. வளையத்தோட எண்ணிக்கைய அதுக்கு அடுத்த நம்பரால பெருக்கி, மூணால பெருக்கி, ஒண்ணு கூட்டு. எட்டு வளையம்னா 217, ஒம்போது வளையம்னா 271, அது சூப்பர் ஃபெனிக்ஸ். நாலு வளையம்னா 61, அது கல்பாக்கத்துல இருக்குற சின்ன ரியாக்டர் எஃப்பிடிஆர்.

கூபெர்க்ல டப்பா இல்லாததுக்கு காரணம், பக்கவாட்டுல தண்ணி கலந்துக்கலாம், ஒரு இடத்துல அடைச்சாலும் பக்கத்து சந்துல இருந்து தண்ணி வந்துரும். உங்க ஆளுங்க ஏன் அத வேணாம்னாங்கன்னு எனக்கும் கேக்க ஆசைதான்.

---

பழைய_சோடியம் (சென்சூரியன்)

நான் கல்பாக்கம் பக்கம் கொஞ்ச வருஷம் சோடியம் லூப்ல வேல பாத்தவன், இப்ப இங்க வேற தொழில். அங்க நாங்க சப்-அசெம்பிளின்னுதான் சொல்லுவோம், டப்பாவுக்கு ரேப்பர், இல்லன்னா ஹெக்ஸ்கேன்.

தங்கச்சி போட்ட பரப்பளவு கணக்கு சரி. ஆனா டப்பா இடத்த திங்குதுன்னு மட்டும் பாத்துட்டு அது என்ன வேலை செய்யுதுன்னு பாக்கல. பிஎஃப்பிஆர் 1250 மெகாவாட் வெப்பம், 181 ஃப்யூல் சப்-அசெம்பிளி, ப்ளாங்கெட் (யுரேனியம்-238 வச்ச, புளூட்டோனியம் உண்டாகுற பகுதி) பங்க விட்டுட்டாலும் ஒவ்வொண்ணுலயும் சராசரியா 6 மெகாவாட்டுக்கு மேல. அந்த ஃப்யூல் பாகம் ஒரு மீட்டர் உயரம்தான். உன் 135 மி.மீ. பிட்ச வச்சு லிட்டருக்கு எத்தன கிலோவாட்னு போட்டு பாரு, கூபெர்க் மாதிரி ரியாக்டர விட நாலு மடங்கு வரும். இப்ப கோரோட (ஃப்யூல் எரியுற பகுதி) நடுவுல இருக்குற சப்-அசெம்பிளிக்கும் ஓரத்துல இருக்குறதுக்கும் பவர் ஒண்ணா இருக்காது, அதுக்கு வெளிய இருக்குற ப்ளாங்கெட் சப்-அசெம்பிளில இன்னும் குறைவு, அதுவும் புளூட்டோனியம் சேர சேர வருஷத்துக்கு வருஷம் ஏறும். எல்லாத்துக்கும் ஒரே அளவு சோடியம் விட்டா நடுவுல கொதிக்கும், ஓரத்துல சும்மா வெதுவெதுன்னு போகும், மேல ரெண்டும் கலக்கும்போது அவுட்லெட் டெம்பரேச்சர் இறங்கிரும், உன் டர்பைன் எஃபிஷியன்சியும் போச்சு. அதனால ஒவ்வொரு சப்-அசெம்பிளி கால்லயும் (சோடியம் நுழையுற கீழ் முனை) ஆரிஃபைஸ்னு அளவான துளை வச்சு, இதுக்கு இவ்ளோ சோடியம்னு பங்கு போட்டு விடுறோம். சோடியம் உள்ள வரும்போது 397 டிகிரி, வெளிய போகும்போது 547 டிகிரி. பங்கு போட்ட சோடியம் பக்கத்து வீட்டுக்கு ஓடாம இருக்கத்தான் அந்த சுவர். சுவர எடுத்துட்டா ஆரிஃபைஸுக்கு அர்த்தமே இல்ல. 1250ல 500 மெகாவாட் கரன்ட், அதாவது 40 சதவீதம், கூபெர்க் 35ஐ தாண்டாது. அந்த 40 வர்றதுக்கு டப்பாவும் ஒரு காரணம், இத உன் சூப்பர்வைசர்கிட்ட சொல்லு.

மெல்க் அண்ணன் கேட்ட அடைப்பு விஷயம் நியாயமான கேள்வி. டப்பா இருந்தா பக்கத்துல இருந்து உதவி வராது, கால்ல அடைச்சா அந்த சப்-அசெம்பிளி முழுசா காஞ்சிரும். நடந்தும் இருக்கு. 1966 அக்டோபர்ல அமெரிக்காவுல டெட்ராய்ட் பக்கம் ஃபெர்மி-1 ரியாக்டர்ல கீழ பொருத்துன ஒரு ஜிர்கோனியம் தகடு கழண்டு மேல போய் வாயில ஒட்டிக்கிச்சு, ரெண்டு அசெம்பிளில ஃப்யூல் உருகிருச்சு. அதுக்கப்புறம் வந்த டிசைன்ல எல்லாம் காலுக்கு பக்கவாட்டுல சுத்தி சுத்தி ஓட்டை, ஒரு தகடு வந்து ஒட்டுனாலும் எல்லா ஓட்டையையும் மூட முடியாது. பிஎஃப்பிஆர்லயும் அப்படித்தான். உன் ப்ராஜெக்ட் ட்ராயிங்ல கால கீழ பாத்த ஒத்த ஓட்டையா வரஞ்சிருந்தா இன்னைக்கே மாத்திரு.

டப்பாவுக்கு இன்னும் வேலை இருக்கு. ஒரு சப்-அசெம்பிளில ஏதாவது கெட்டுப்போனா சீக்கிரத்துல பக்கத்துக்கு பரவாது. நாலரை மீட்டர் நீள சப்-அசெம்பிளி, உள்ள மெல்லிசு மெல்லிசா 217 பின், தூக்கி இறக்க ஒரு முதுகெலும்பு வேணாமா? டப்பாதான் அது.

இவ்ளோ சொல்லிட்டேன்ல, இப்ப அதோட கெட்ட குணத்தையும் சொல்லணும், நிஜமான தலைவலி அங்கதான் இருக்கு. 1967 வாக்குல ஸ்காட்லாந்துல டவுன்ரே ரியாக்டர்ல இருந்து எடுத்த ஸ்டீல மைக்ரோஸ்கோப்புல பாத்தப்ப உள்ள பூரா நுண்ணுண்ணு ஓட்டை. வேகமான நியூட்ரான் அணுவ அதோட இடத்த விட்டு தட்டி விடுது, காலி இடமெல்லாம் ஒண்ணு சேந்து ஓட்டையாகுது, ஸ்டீல் புளிச்ச மாவு மாதிரி பொங்குது. சாதாரண 316 ஸ்டீல் பத்து சதவீதத்துக்கு மேல கூட வீங்கும். நடுப்பக்கம் நியூட்ரான் ஜாஸ்தி, வெளிப்பக்கம் கம்மி, அப்ப ஒரு பக்கம் நீளுது இன்னொரு பக்கம் நீளல, டப்பா வில்லு மாதிரி வளையுது. உள்ள சோடியம் அழுத்தம் வெளிய விட ஜாஸ்தி, அதனால சுவர் வேற வெளிய தள்ளிட்டு வருது. தங்கச்சி "சும்மா நிக்கிற சோடியம்"னு சொன்னியே அந்த இடுக்கு, 3.7 மி.மீ., அது சும்மா இல்ல, வீக்கத்துக்கும் வளைவுக்கும் விட்ட இடம். அதையும் மிச்சம் பண்ணா ஃப்யூல் மாத்தும்போது எடுக்க வராது.

மாக்ஸ் ஃப்யூல் (யுரேனியம்-புளூட்டோனியம் ஆக்சைட் கலவை) இன்னும் எரிய தயாரா இருக்கும்போதே டப்பாவும் க்ளாடிங்கும் போதும்னு சொல்லிரும். பிஎஃப்பிஆர்ல டன்னுக்கு 1,00,000 மெகாவாட் நாள்னு பர்ன்அப் (ஒரு டன் ஃப்யூல்ல இருந்து எடுக்குற மொத்த வெப்பம்) இலக்கு வச்சது ஃப்யூலால இல்ல, ஸ்டீலால. அதுக்குத்தான் டி9னு டைட்டானியம் கலந்த ஸ்டீல், 20 சதவீதம் கோல்ட் வொர்க் (சூடு பண்ணாம இழுத்து இறுக்குறது) பண்ணி, வீக்கத்த தள்ளிப் போடுறது. உனக்கு எஃபிஷியன்சி வேணும்னா டப்பாவ எடுத்தா கூடுற 51 பின்ன எண்ணாத, ஸ்டீல் எத்தன வருஷம் தாங்கும்னு பாரு. ஒரு சப்-அசெம்பிளி ரெண்டு மடங்கு காலம் உள்ள இருந்தா பாதி சப்-அசெம்பிளி செஞ்சா போதும், பாதிதான் ரீப்ராசசிங் (எரிஞ்ச ஃப்யூல்ல இருந்து புளூட்டோனியத்த பிரிச்சு எடுக்குறது), ஒவ்வொரு சுத்துலயும் ரீப்ராசசிங்ல தொலையுற புளூட்டோனியமும் பாதி.

---

தங்கச்சுரங்கம் (ஜோபர்க்)

எல்லாம் சரி, நம்ம நாட்டுக்கு இது எதுக்கு? விட்வாட்டர்ஸ்ராண்ட்ல தங்கத்துக்கு தோண்டுனா கூடவே யுரேனியம் வருது, பல வருஷமா பைப்ராடக்டா எடுத்து வித்துட்டு இருக்கோம். இந்தியாவுக்கு யுரேனியம் குறைவு, தோரியம் நிறைய, அவங்களுக்கு ப்ரீடர் வழியாத்தான் தோரியத்துக்கு போகணும், அதுக்கு ஒரு கணக்கு இருக்கு. நமக்கு என்ன கணக்கு? பெப்பிள் பெட் ரியாக்டர்னு ஒண்ண ஆரம்பிச்சு 2010ல காசு நிறுத்தி மூடுனாங்க, அந்த வயித்தெரிச்சலே இன்னும் அடங்கல. பாப்பா, வேலை கிடைக்குற தலைப்பா எடு, சொல்லிட்டேன்.

---

உம்கேனி_கரை (டர்பன்)

தங்கச்சுரங்கம் அங்கிள், இது ப்ராஜெக்ட், டெண்டர் இல்ல 😄 ஆனா ஒண்ணு சொல்றேன், கூபெர்க் மாதிரி ரியாக்டர்ல தோண்டி எடுத்த யுரேனியத்துல ஒரு சதவீதம் கூட எரியுறது இல்ல, மீதி யுரேனியம்-238ஆ சும்மா கிடக்குது. 238 ஒரு நியூட்ரான வாங்கி புளூட்டோனியம்-239 ஆகுற கதைக்காகத்தான் இத எடுத்தேன். கூபெர்க் யூனிட் 1க்கு 2024ல தான் 2044 வரைக்கும் லைசன்ஸ் நீட்டுனாங்க, அதுக்கப்புறம் என்னன்னு யாராவது படிச்சு வைக்கட்டுமே.

சோடியம் அண்ணா, ரொம்ப நன்றி, டப்பா இருக்கட்டும். அடுத்த சந்தேகம், பின்ன குண்டாக்குனா? சூப்பர் ஃபெனிக்ஸ் 8.5 மி.மீ., பிஎஃப்பிஆர் 6.6 மி.மீ. குண்டு பின்ல க்ளாடிங், வயர் எல்லாம் விகிதத்துல குறையுது, ஃப்யூல் கூடுது. அப்ப எல்லாருமே குண்டா போயிரலாமே, ஏன் போகல?

---

பழைய_சோடியம் (சென்சூரியன்)

நல்ல கேள்வி. பேப்பர எடு.

உருண்டையான பெல்லெட்ல நடுவுல எவ்ளோ சூடாகும்ங்கிறது ஒரு செ.மீ. நீளத்துக்கு எத்தன வாட்ங்கிறத பொறுத்தது, விட்டத்த பொறுத்தது இல்ல. வெப்பக் கடத்தல் சமன்பாட்ட போட்டா விட்டம் அடிச்சுக்கிட்டு போயிரும், நீயே போட்டு பாரு. ஆக்சைட் வெப்பத்த கடத்துறதுல படு மோசம், அதனால செ.மீ.க்கு 450 வாட் பக்கம் வந்ததும் நடு உருகிரும்ங்கிற பயம் வந்துருது, பிஎஃப்பிஆர் பெல்லெட் நடுவுல 1.8 மி.மீ. ஓட்டை போட்டிருக்குறதும் அதுக்குத்தான். ஆக ஒல்லி பின்னும் செ.மீ.க்கு 450, குண்டு பின்னும் செ.மீ.க்கு 450. ஆனா குண்டுல ஃப்யூல் எடை? 8.5ஐ 6.6ஆல வகுத்து வர்க்கம் போடு, 1.66 வரும். அதே வெப்பத்துக்கு மூணுல ரெண்டு பங்கு கூடுதல் ஃப்யூல உள்ள போட்டு பூட்டி வைக்கணும். ஃப்யூல் பங்கு கூடுறதால புளூட்டோனியம் சதவீதம் கொஞ்சம் குறையும், ஆனா மொத்த எடை கூடத்தான் செய்யும்.

புளூட்டோனியம் கடைல கிடைக்காது. வேகமான நியூட்ரானுக்கு பிளக்குற வாய்ப்பே குறைவு, அதனால பிஎஃப்பிஆர்ல உள் வட்டத்துக்கு சுமார் 21, வெளி வட்டத்துக்கு சுமார் 28 சதவீதம் புளூட்டோனியம் ஆக்சைட் போட வேண்டியிருக்கு, கூபெர்க்ல யுரேனியம்-235 5 சதவீதத்த தாண்டாத இடத்துல இங்க இவ்ளோ. முதல் கோருக்கு புளூட்டோனியம் சேக்குறதே பெரிய பாடு. கையில கம்மியா இருக்குற நாடு ஒல்லி பின்னுக்கு போகும், கையில நிறைய வச்சிருக்கிற நாடு குண்டு பின்ல நிதானமா ப்ரீடிங் பாக்கும். பிஎஃப்பிஆர் ப்ரீடிங் ரேஷியோ (ஒண்ணு எரிஞ்சா எத்தன புதுசா உண்டாகுதுங்கிறது) 1.05 பக்கம்தான், ஃபெனிக்ஸ்ல 1.16ன்னு அளந்தே காட்டுனாங்க.

ப்ரீடிங்தான் குறின்னா பின் விட்டத்த நோண்டாத, ஃப்யூலையே மாத்து. ஆக்சைட்ல இருக்குற ஆக்சிஜன் நியூட்ரான் வேகத்த கொஞ்சம் குறைக்குது, அடர்த்தியும் கம்மி. யுரேனியம்-புளூட்டோனியம்-ஜிர்கோனியம் உலோக ஃப்யூல் போட்டா ப்ரீடிங் நல்லா ஏறும், வெப்பத்தையும் பிரமாதமா கடத்தும். ஆனா அது வீங்கும், அதனால க்ளாடுக்குள்ள முக்கால் பங்கு மட்டும் நிரப்பி மீதிய சோடியத்தால நிரப்புவாங்க, அமெரிக்காவுல ஈபிஆர்-2ல இப்படித்தான் ஓட்டுனாங்க. சூடு ரொம்ப ஏறுனா ஃப்யூலும் ஸ்டீலும் சேந்து உருகுற கலவை ஆகிரும், அதனால அவுட்லெட் டெம்பரேச்சர்ல கை வைக்கணும், உன் 40 சதவீதம் இறங்கும். நடுவுல ஒண்ணு இருக்கு, கார்பைட். எஃப்பிடிஆர் 1985ல இருந்து அதுலதான், 70 சதவீதம் புளூட்டோனியம் கார்பைட். டன்னுக்கு 1,65,000 மெகாவாட் நாள் வரைக்கும் பின் உடையாம போச்சு. ஆனா செய்யுறது கஷ்டம், தூளு காத்துல பட்டா தீப்பிடிக்கும்.

---

டோங்காட்_ஃபிட்டர் (டோங்காட்)

நான் சுகர் மில்லுல ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆனவன், அணு பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒண்ணு புரியல ராஜா. சோடியம் உலோகம்தானே, உள்ள பாத்தா தெரியாதுல்ல? கண்ணு தெரியாம நாலரை மீட்டர் கம்பத்த எப்படி வெளிய எடுக்குறீங்க? அதுவும் வளைஞ்சு வேற போச்சுன்னா?

---

பழைய_சோடியம் (சென்சூரியன்)

ஐயா, ஃபிட்டர் கேள்வின்னா இதுதான். ஒண்ணும் தெரியாது, வெள்ளி மாதிரி பளபளன்னு மூடி கெடக்கும். மேல இருக்குற ரெண்டு சுழலும் மூடிய திருப்பி திருப்பி எந்த இடம்னு கணக்கு வச்சுதான் க்ரிப்பர இறக்குறது. திருப்புறதுக்கு முன்னாடி எதுவும் நீட்டிக்கிட்டு இருக்கான்னு அல்ட்ராசானிக் வச்சு சோடியத்துக்குள்ள தேடிப் பாக்குறது. பயம் இல்லாம இல்ல, 1987ல எஃப்பிடிஆர்ல ஃப்யூல் மாத்தும்போது ஒரு சப்-அசெம்பிளி வளைஞ்சுபோச்சு, மறுபடி ஓடுறதுக்கு 1989 ஆயிருச்சு. எடுக்குறப்ப எவ்ளோ இழுவை வருதுன்னு லோடு செல் பாத்துக்கிட்டே இருக்கும், அளவ தாண்டுனா நிறுத்திரணும். அதனாலதான் வீக்கம் வீக்கம்னு இவ்ளோ கத்துறேன்.

வளைவுல இன்னொரு சங்கதியும் இருக்கு. பின்னோ டப்பாவோ உள்பக்கமா நெருங்குனா பவர் ஏறும், வெளிய விரிஞ்சா இறங்கும். 1955ல அமெரிக்காவோட ஈபிஆர்-1 ரியாக்டர்ல பின் உள்பக்கமா வளைஞ்சு பவர் ஏறித்தான் கோர் உருகுச்சு. அதுக்குத்தான் டப்பாவுக்கு வெளிய, ஃப்யூல் உயரத்துக்கு மேல பேட் வச்சு ஒண்ணோட ஒண்ணு எங்க முட்டணும்ங்கிறத நாம முடிவு பண்றது. ஃபெனிக்ஸ்ல 1989, 90ல திடீர் திடீர்னு பவர் விழுந்து நின்னுச்சு, கோர் ஒரு நொடி விரிஞ்சு சுருங்கியிருக்கும்னு ஒரு சந்தேகம், இன்னிக்கு வரைக்கும் முழுசா தீரல.

---

உம்கேனி_கரை (டர்பன்)

சரி அண்ணா, முடிவு பண்ணிட்டேன். 217 பின், 6.6 மி.மீ., மாக்ஸ், டப்பா உண்டு. டப்பாவ மட்டும் டி9க்கு பதிலா 9 குரோமியம் ஃபெர்ரிட்டிக் ஸ்டீலா போட்டு, வீக்கம் குறையுறதால பர்ன்அப் எவ்ளோ ஏத்தலாம்னு காட்டப் போறேன். க்ளாடையும் அதே ஸ்டீலா போட்டுரலாமா?

---

பழைய_சோடியம் (சென்சூரியன்)

டப்பாவுக்கு போடு, க்ளாடுக்கு போடாத. ஃபெர்ரிட்டிக் வீங்காது, ஆனா 600ஐ தாண்டுனா வலு விழுந்துரும். டப்பா சோடியம் சூட்டுலதான் நிக்குது, தாங்கும். க்ளாட் நடுச்சுவர்ல ஹாட்ஸ்பாட் 700 டிகிரி வரைக்கும் போகலாம்னு வச்சு பிஎஃப்பிஆர் போட்டிருக்காங்க, உள்ள இருந்து ஃபிஷன் வாயு அழுத்தம் வேற, அங்க ஃபெர்ரிட்டிக் க்ரீப் ஆயி (சூட்டுல மெதுவா இழுபட்டு) கிழிஞ்சிரும். க்ளாடுக்கும் வேணும்னா ஆக்சைட் தூள் கலந்த ஓடிஎஸ் ஸ்டீல்னு ஒரு தனி பாரா எழுது, கணக்குல சேக்காத.

பர்ன்அப் ஏத்துனா வாயுவும் ஏறும், அதுக்கு பின்ல இடம் இருக்கான்னு முதல்ல பாரு. பின் நீளம் 2.6 மீட்டருக்கு பக்கம், அதுல ஃப்யூல் ஒரு மீட்டர், மேலயும் கீழயும் 30 செ.மீ. ப்ளாங்கெட், மீதில பெரும்பகுதி வாயுவுக்குத்தான். அந்த வாயு இடத்த, அதான் ப்ளீனத்த, கீழ, 397 டிகிரி பக்கம் வை, மேல வச்சா அதே வாயுவுக்கு அழுத்தம் கூடும். ப்ரஷர் ட்ராப் போடும்போது வயர் 150 மி.மீ. பிட்ச்ல சுத்துதுங்கிறத விட்டுராத, வெறும் குழாய் ஃபார்முலா போட்டா பம்ப் சைஸ் தப்பா வரும். எக்செல் ஷீட்ட இங்கயே போடு, சனிக்கிழமை பாத்து சொல்றேன்.